கற்பிட்டி வழியில் அப்பா பிடித்த மீன்கள்

அப்பா எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர்போல நிற்பவர். கண்டியில் ஒரு தேயிலைக் கம்பெனியில் கிளார்க் வேலை. காலை ரயிலுக்குப் போக வேண்டுமென்றால் விடியும் முன்பே எங்களை அம்பிட்டியிலிருந்து நடத்திக் கூட்டிவந்து, ஸ்டேஷன் வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார வைத்துவிடுவார். ரயில் வரும்வரை நாங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்போம். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு பயணத்தில் மட்டும் ஆமையாகிவிட்டார்.

புத்தளத்துக்கு ரயில் ஓடத் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எனக்கு எட்டு வயது. கற்பிட்டிப் பக்கம் கடலோரத்தில் இருந்த ஒரு கன்னியர் மடத்தில் அக்காவைச் சேர்க்கப் போனோம். அந்த மடத்துக்குள் போனவர்கள் தகப்பன் செத்தாலும் வீட்டுக்கு வருவதில்லை. இது அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், தானே ஆசைப்பட்டுப் போகிற அக்காவுக்கும் தெரியும். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. லீவுக்கு வருவாள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

மாதா பெருநாளுக்கு முந்தின நாள் மடத்து வாசலில் நிற்க வேண்டும் என்று மதர் சொல்லியனுப்பியிருந்தார். தவறினால் அடுத்த வருஷப் பெருநாள்தான். ஆண்டவர் கேட்ட பிள்ளையைத் தரமாட்டேன் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. கோயிலில் முதல் வரிசையில் முழந்தாளிடுகிற மனிதர் அதை எப்படிச் சொல்வார்? புத்தளத்தில் இறங்கியதும் கடைத்தெருவுக்குப் போய் ஒரு தூண்டில் வாங்கிக்கொண்டு வந்தார்.

அங்கிருந்து மாட்டு வண்டி. யானைப் பயம் இருந்ததால் வண்டிகள் தனியே போவதில்லை. கருவாடு ஏற்றப் போகும் வண்டிகளோடு எங்கள் கூண்டு வண்டியும் சேர்ந்துகொண்டது. ஒரு பக்கம் களப்பின் அலையில்லாத உப்புத் தண்ணீர், ஒரு பக்கம் கடல், நடுவில் சக்கரம் புதையும் மணல். மீனவர்கள் குடிசை போட்டுத் தங்கும் வாடி வரும் இடத்திலெல்லாம் வண்டிகள் சற்று நிற்கும். நின்றதும் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குப் போய்விடுவார். நானும் பின்னாலேயே ஓடுவேன்.

முதலில் மாட்டியது ஒரு பேத்தை. கரைக்கு வந்ததும் பந்துபோல ஊதிக்கொண்டது. கருவாட்டையும் மாசியையும் தவிர வேறு மீன் அதிகம் பார்த்திராத மலைநாட்டுக் குடும்பம் எங்களுடையது. நல்ல கொழுத்த மீன் என்று அம்மா சட்டியைக் கழுவத் தொடங்கிவிட்டாள். புத்தளத்து முஸ்லிமான எங்கள் வண்டிக்காரர் ஓடிவந்து அதைத் தட்டிவிட்டார்.

“அம்மா, இது நஞ்சு மீன்! திண்டா மௌத்துத்தான்!”

அம்மா சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

பிறகு அப்பாவுக்குக் கை பழகிவிட்டது. விரல் நீளத்தில் கெளிறு வந்தது, மணலை வந்தது. ஒரு மீன் கிடைத்தால் இன்னொன்று என்பார். கிடைக்காவிட்டால் அதற்காகவே இருந்து பார்ப்போம் என்பார். மற்ற வண்டிகள் முதல் நாள் பொறுத்தன. அடுத்த நாள் எங்களை விட்டுவிட்டு முன்னே போய்விட்டன. “பெருநாள் போயிருச்சுன்னா என்ன செய்வீங்க?” என்று அம்மா கேட்டாள். அப்பா தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ, பெருநாள் அடுத்த வருஷமும் வரும்தானே, இந்த மீன் வருமா என்றிருந்தது. நான் அப்பா கட்சி.

கடைசி வாடியில் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் கரைவரை வந்து சொன்னார்: “ஐயா, இப்ப மாடு பூட்டினாத்தான் நாளைக்குப் பொழுதுபட முந்திப் போய்ச் சேரலாம்.”

அப்பா தூண்டிலை இன்னொரு தடவை வீசினார். அக்கா வண்டியிலிருந்து இறங்கி வந்து அவர் பக்கத்தில் ஈர மணலில் உட்கார்ந்தாள். சேலை நனைகிறதே என்று நான் சொன்னதை அவள் கவனிக்கவில்லை. இரண்டு பேரும் வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் அப்பாவின் கையிலிருந்த கயிற்றை மெல்ல வாங்கி, கட்டையில் சுற்றத் தொடங்கினாள்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு, தாயி.”

“போதும்ப்பா. மாடு பூட்டச் சொல்லுங்க.”

அப்பா எழுந்து போய்ச் சொன்னார். சுற்றி முடித்த தூண்டிலை அக்கா என்னிடம் கொடுத்தாள். “முள்ளுல கைய வச்சிராத” என்றாள். மறுநாள் மாலை மடத்து வாசலில் என் கன்னத்தைக் கிள்ளியபோதும் அதையேதான் சொன்னாள். கதவு பெரிய கதவு. ஆனால் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

திரும்பும் வழியில் தூண்டில் என் மடியில் இருந்தது. முதல் வாடி வந்தது, வண்டி நிற்கவில்லை. இரண்டாவது வாடியும் அப்படியே தாண்டிப் போனது. பேத்தை பிடித்த இடம் வந்தபோது நான் கத்திக் கூப்பாடு போட்டேன். போகும்போது நின்ற இடத்திலெல்லாம் சண்டை பிடித்த அம்மாதான் இப்போது, “கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன், பிள்ள கேக்குதுல்ல” என்றாள்.

“நேரமாச்சு” என்றார் அப்பா.

எதற்கு நேரமாகிறது, வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. போகும்போது அத்தனை நீளமாக இருந்த பாதை சட்டென்று முடிந்துவிட்டது. ரயிலுக்கு வெகுநேரம் முன்பே புத்தளம் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பா எங்களை வாங்கில் உட்கார வைத்தார். பழக்க தோஷத்தில் ஓரத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்தோம்.

நான் அழுகையை நிறுத்தவில்லை. அக்காவை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவரும் அழுதார். நான் அழுதது மீனுக்காக.