விளக்கு எரியும் வண்டியில் ஏற மாட்டாள்

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டபோது, என் மனைவி என்மேல் இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டுப் போனாள். அவள் வளையலில் மாட்டி வைத்திருந்த ஊக்கு ஒன்றைப் பல் குத்த எடுத்துத் தொலைத்துவிட்டேன் என்பது ஒன்று. கார் டேஷ்போர்டில் எரியும் ஆரஞ்சு எச்சரிக்கை விளக்கை நான் கண்டுகொள்வதில்லை என்பது மற்றொன்று. முதலாவதை மறுத்தேன். இரண்டாவதை மறுக்க வழியில்லை. செங்கோட்டை தாண்டி, மலைப்பாதை முழுக்க, திருவனந்தபுரம் விமான நிலையம் வரைக்கும் அந்த விளக்கு எங்கள் இருவர் முகத்துக்கும் நேரே எரிந்துகொண்டே வந்தது.

"திரும்பி வரையிலயும் இது எரிஞ்சிச்சுன்னா நான் ஏற மாட்டேன், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியை இறக்கினாள்.

சாரல் மழைக் காலத்துக்கு வந்துவிடுவதாகப் பேச்சு. ஆனி பிறந்தது, தென்காசியில் காற்று குளிர்ந்தது, டிக்கெட் மட்டும் எடுத்தபாடில்லை. போனில் கேட்டால் ஒரு நாள் பிள்ளைக்குச் சளி, இன்னொரு நாள் மகளுக்கு வேலை. கையில் காரணம் எதுவும் சிக்காத மனிதன் மூடநம்பிக்கையைப் பிடித்துக்கொள்வான். வீடு நிறையப் புத்தகம் வைத்திருந்தும் நானும் பிடித்துக்கொண்டேன். விளக்கு அணைந்தால் அவள் வந்துவிடுவாள்.

வண்டிக்கும் தொந்தரவு இருந்தது. பெட்ரோல் போட்டவுடன் கிளம்ப அடம்பிடிக்கும். சிக்னலில் நின்றால் உதறும். நான் இணையத்தில் உட்கார்ந்து ஆராய்ந்து, பெட்ரோல் டேங்க் மூடிதான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதி, புது மூடி வாங்கி மாட்டினேன். விளக்கு புது மூடியையும் மலர்ந்த முகத்தோடு வரவேற்றது.

குத்துக்கல்வலசையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். என் வயதுதான்; தன்னம்பிக்கையிலும் என் ரகம்தான். ஸ்கேனரைச் சொருகி ஒரு பார்வை பார்த்தார்.

"பர்ஜ் வால்வு, அண்ணாச்சி."

"அப்படின்னா?"

"டேங்க்ல கெடக்க பெட்ரோலு ஆவியா எழும்பும். அத வெளிய விடக் கூடாதுல்லா? ஒரு கரி டப்பா இருக்கு, அது பிடிச்சு வச்சிக்கிடும். இஞ்சின் ஓடையில இந்த வால்வு தொறந்து ஆவிய உள்ள அனுப்பும். எரிஞ்சு போயிரும்."

"வண்டி சும்மா நின்னாலும் எழும்புமா?"

"வெயில்ல சும்மா நின்னாத்தான் ரொம்ப எழும்பும்."

இந்த வயதில் ஒருவன் தன்னைப் பெட்ரோல் டேங்கோடு ஒப்பிட்டுக்கொள்வது நன்றாயிருக்காது.

புது வால்வு மாட்டி, ஸ்கேனரில் பழுதுக் குறிப்பை அழித்ததும் விளக்கு அணைந்தது. அன்று மாலையே போன் செய்தேன்.

"வெளக்கு அணைஞ்சிருச்சு."

"நெசமாவா?" அவள் குரல் பக்கத்து அறைக்கு வந்துவிட்டது போலிருந்தது. "சரி, டிக்கெட் பாக்கச் சொல்லுதேன்."

மறுநாள் வடகரைக்குப் போகும் வழியில் ஒரு குழியில் இறங்கி ஏறினேன். விளக்கு எரிந்தது. அவளிடம் சொல்லவில்லை. நேரே பட்டறைக்குப் போனேன்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "ஸ்கேனரு வால்வு சர்க்யூட்டு, ஒயரும் சேத்துன்னுதான் சொல்லிச்சு. நான் வால்வுன்னு படிச்சிட்டேன்."

"நான் மூடின்னு படிச்சேன்."

"அப்ப நீங்க நம்மளவிடப் பெரிய ஆளு அண்ணாச்சி."

கழற்றிப் போட்டிருந்த பழைய வால்வை மீட்டரில் வைத்துப் பார்த்தார். அதன்மேல் ஒரு குறையும் இல்லை. வால்வுக்குப் போவது இரண்டே ஒயர். ஒன்றில் பேட்டரி மின்சாரம் ஒழுங்காக வந்தது. மற்றது வண்டியின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. பேட்டரியையும் கம்ப்யூட்டரையும் கழற்றிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை அந்த ஒயரிலும் மறுமுனையை வண்டியின் இரும்பிலும் வைத்தார்.

"இந்த ஒயரு இப்ப இரும்புல எங்கயும் தொடக் கூடாது. தொட்டா மீட்டரு கத்தும். நான் ஆட்டுதேன், நீங்க காதக் குடுங்க."

ஒயர்களை மூடியிருந்த கறுப்புக் குழாயை ஒரு ஓரத்திலிருந்து அசைத்துக்கொண்டே வந்தார். சத்தமில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி. சத்தமில்லை. பேட்டரிக்குப் பின்னால் கை போனதும் மீட்டர் கத்தியது.

"அங்கனதான்!" என்று நானும் கத்தினேன்.

"எம்மா!" என்று அவர் கையை உதறினார். விரலில் ஒரு துளி ரத்தம். குழாயைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் வாய் திறந்த ஊக்கு ஒன்று குத்தி நின்றது.

"இது எப்படி இங்கன வந்துச்சு? எந்த ஊரு எலி ஊக்கு குத்துது?"

எந்த ஊர் எலி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சாரல் நாட்களில் விடிந்ததும் ஐந்தருவிக்குப் போவோம். குளித்து வந்ததும் அவள் பானெட்டைத் திறக்கச் சொல்வாள். "இம்புட்டுச் சூடு சும்மா போவுதே" என்று ஈரத் துண்டை இன்ஜினுக்கு மேலே விரிப்பாள். அந்தக் கறுப்புக் குழாய், அவளைப் பொறுத்தவரை, கம்பெனிக்காரன் யோசித்துக் கொடுத்த துணிக்கொடி. துண்டு உள்ளே விழாமலிருக்க வளையலிலிருந்து ஊக்கை எடுத்துக் குத்துவாள். துண்டு காயும்வரை டிக்கியில் உட்கார்ந்து மங்குஸ்தான் தின்போம். பெரிய சுளை எனக்கு வரும். அதில் கொட்டை இருக்கும் என்பதால். போன வருசம் ஒரு நாள் மழை திடீரென்று இறங்கியது. துண்டை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு காருக்குள் ஓடினாள். துண்டு வந்தது, ஊக்கு நின்றுவிட்டது. அதன் முனை ஒயரைத் துளைத்து வெளியே நின்றது. வண்டி குலுங்கும்போதெல்லாம் ஊக்கின் வால்பக்கம் இரும்பில் உரசியிருக்கிறது.

நான் சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டே மெக்கானிக் ஒயருக்கு டேப் சுற்றினார். "இனிமே இதுல துணி காயப்போட மாட்டோம்னு சொல்லச் சொல்லுங்க."

"சொல்லுததுக்கு ஆளு ஊர்ல இல்ல."

அவர் ஊக்கைத் துடைத்து, அதன் வாயை மூடி என் கையில் தந்தார்.

அன்று மாலை போனை அவள்தான் முதலில் செய்தாள்.

"டிக்கெட் போட்டாச்சு. ஐப்பசிக்கு."

"சாரல் முடிஞ்சிரும்லா?"

"மகளுக்கு லீவு இல்லைங்கா. பிள்ளைய யாருகிட்ட விட்டுட்டு வர? அடுத்த வருசமும் விழும்லா" என்றாள்.

பேச்சை மாற்ற ஊக்குக் கதையைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அப்ப நீங்க பல்லு குத்தலியா?"

"குத்தல."

"அங்கன சாரல் விழுதா இப்ப?"

போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். கேட்டதா என்று தெரியவில்லை. கையை உள்ளே இழுத்தபோது, "ஈரத் துண்டோட வண்டியில உக்காராதீங்க, சளி பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை தனியாக ஐந்தருவிக்குப் போனேன். விளக்கு எரியவில்லை. வழி முழுக்க அது எரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். குளித்து வந்து பானெட்டைத் திறந்தேன். கறுப்புக் குழாயில் புது டேப் மினுங்கியது. துண்டின் இரு முனைகளையும் கைகளில் பிடித்து, இன்ஜின் சூட்டுக்கு மேலே விரித்துக்கொண்டு நின்றேன்.

குடும்பத்தோடு போன ஒருவர் நின்றார். "என்ன அண்ணாச்சி, வண்டி கொதிக்குதா?"

"இல்ல. துண்டு காயுது."

அவர் இன்ஜினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிள்ளைகளைச் சற்று வேகமாக நடத்திக்கொண்டு போனார். எனக்குக் கை வலித்தது. ஊக்கு சட்டைப் பையில்தான் இருந்தது.