கையெழுத்து வைத்தால் சம்மதமாம்

இன்று காலை ரயில் பாதைக் கூட்டத்துக்குப் போய்வந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை.

மட்டக்களப்போடு நின்றுவிடும் ரயிலைத் தெற்கே நீட்டப் போகிறார்களாம். நல்லது, வரட்டும். ஆனால் ஸ்டேஷன் எந்த ஊருக்கு என்று இரண்டு கட்சிக்காரர்கள் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள்.

வாவிக்கரையில் வயல் செய்யும் பரமேஸ்வரி எழும்பிக் கேட்டார்.

"எங்கட வயல் வட்டைக்குக் குறுக்கால ரயிலுக்கு மேடு போட்டா, மாரி வெள்ளம் எங்கால வடியும்?"

"அத பிறகு பாப்பம் அக்கா. முதல்ல ரயில் வரட்டும்" என்றார் கூட்டம் நடத்திய அதிகாரி.

கூட்டம் முடியும்போது அவரே, "வந்த எல்லாரும் சம்மதம், கையெழுத்து இருக்கு" என்று அறிவித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, வாசலில வச்சது வரவுக் கையெழுத்து. வரவு இடாப்பில பேர் இருந்தா பிள்ளை பள்ளிக்கு வந்தது எண்டுதான் அர்த்தம். பாடம் விளங்கினது எண்டு இல்ல."

"மேல எழுதிக் கிடக்கு சேர், வாசிச்சுப் பாருங்க."

வாசித்தேன். 'திட்டத்துக்கு இணங்குவோர்' என்று பொடி எழுத்தில் இருந்தது.

பரமேஸ்வரி என்னைப் பார்த்தார். "நீங்க வச்சதப் பாத்துத்தானே சேர் நானும் வச்சன்."

பேனையை வாங்கி இருவரும் எங்கள் பெயர்களை வெட்டினோம். "தாளைப் பழுதாக்காதீங்க" என்று அதிகாரி கத்தினார். வயல் பழுதாகலாமாம், தாள் பழுதாகக் கூடாதாம்!

வினாவை வாசித்துவிட்டு விடை எழுதச் சொல்லி உங்களை எத்தனை தரம் ஏசியிருப்பேன். பழைய மாணவர்களே, இன்றைக்கு உங்கள் வாத்தியாருக்கு எத்தனை புள்ளி? இரக்கம் பார்க்காமல் போடுங்கள்.