முன்சீட்டில் படித்த எம்.ஏ.

மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டுகிற அண்ணாதுரை, முன்சீட்டில் யார் ஏறினாலும் முதலில் அதை ஒரு முறை துணியால் துடைத்துவிடுவான். அழுக்கு இருக்கிறதோ இல்லையோ, துடைப்பான். இரண்டு வருடம் அந்தச் சீட்டில் உட்கார்ந்துதான் அவன் தங்கை வனிதா பொது நிர்வாகத்தில் எம்.ஏ. படித்தாள். கல்லூரி என்னவோ சேலத்தில்தான். ஆனால் பாடம் மண்டையில் ஏறியது தன் ஜீப்பில்தான் என்பது அவன் கட்சி.

அதில் பொய்யும் இல்லை. தாத்தா காலத்தில் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து காப்பி எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பம். எஸ்டேட்காரர்கள் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் ஒன்றில்தான் இன்றும் இருக்கிறார்கள். ஒரே அறை. அம்மா, அண்ணன், டிவி எல்லாம் அதற்குள் அடக்கம். வனிதாவுக்கோ வாய்விட்டுப் படித்தால்தான் மனதில் நிற்கும். அதனால் காலையில் ஏற்காடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும், சாயங்காலம் சேலம் பஸ்ஸை விட்டு இறங்கி லைனுக்குத் திரும்பும் வரைக்கும் முன்சீட்டில் பாடம் ஓடும். எட்டாவதோடு நின்றவன் அண்ணாதுரை. ஆனாலும் அவள் ஒரு வரியைத் தாண்டிவிட்டால், “அங்க என்னமோ விட்டுட்டயே கண்ணு, நேத்து வேற மாதிரி வந்துச்சு” என்பான். டயர் காற்றையும் கண்ணாடியையும் பார்ப்பதுபோலத்தான் இதையும் பார்த்தான். எதையும் அரைகுறையாக விட அவனுக்கு ஆகாது.

பின்சீட்டுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு வேலையாளுக்கு ஒரே மேலாளர்தான் உத்தரவிட வேண்டும் என்று ஒரு நாள் அவள் படித்தபோது, காப்பிப் பழம் பறிக்கப் போகிற மருதாயி பின்னாலிருந்து கேட்டாள்: “மேனேஜர் ஒண்ணு சொல்றாரு, கணக்கெழுதுற ரைட்டர் ஒண்ணு சொல்றாரு, மேஸ்திரி ஒண்ணு சொல்றாரு. இதை எழுதுனவரு எந்த எஸ்டேட்டுல வேலை பார்த்தாருங்க கண்ணு?” ஜீப்பே சிரித்தது. எம்.ஏ. முடித்தால் வனிதா கலெக்டர்தான் என்று முடிவு கட்டிய இன்னொருத்தி, வராத முதியோர் பென்ஷனைப் பற்றி அவளிடம் அப்போதே முறையிட்டு வைத்தாள்.

இரண்டாம் வருடம் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. எஸ்டேட் லைன்காரர்கள் கிராம சபைக்கு ஏன் போவதில்லை என்பதை வனிதா எடுத்துக்கொண்டாள். வருடத்தில் சில நாள் பஞ்சாயத்து ஆபீசில் ஊர்கூடிப் பேசுவார்கள். லைனிலிருந்து ஒருவரும் அதில் உட்கார்ந்தது கிடையாது. கிராம சபை கூடுகிற சுதந்திர தினமானாலும் குடியரசு தினமானாலும் எஸ்டேட்டில் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு லீவு நாள் என்று ஏற்காடு கடைவீதிக்குப் போய்விடுவார்கள். ஏன் போவதில்லை என்று மார்கழி முழுக்க வனிதா வீடு வீடாகக் கேட்டாள். “வேலையிருக்குதுங்க” என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. ஜனவரி இருபத்தாறாம் தேதிக் கூட்டத்தை நேரில் பார்த்து, லைன்காரர்கள் இல்லாததைப் பதிவு செய்து, உடனே கட்டுரையைக் கொடுத்துவிடும்படி பேராசிரியர் சொல்லியிருந்தார். தவறினால் ஒரு வருடம் போய்விடும்.

ஜீப்பில் இதைக் கேட்டதிலிருந்து அண்ணாதுரைக்கு மனசே சரியில்லை. கூட்டத்தில் தங்கை ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நம் ஆள் ஒருத்தர்கூட இல்லையென்றால் அது என்ன லட்சணம்? பெண் வீட்டார் வராத கல்யாணம் மாதிரி அல்லவா?

குடியரசு தினத்தன்று வனிதாவைக் காலையிலேயே பஞ்சாயத்து ஆபீசில் இறக்கிவிட்டு லைனுக்குத் திரும்பினான். மிட்டாய் வாங்கி வந்தவர்களின் வாசலில் ஜீப்பை நிறுத்தி ஹாரன் அடித்தான். “பாப்பா அங்க கூட்டத்துல இருக்குதுங்க. வாங்க, போயிட்டு வந்துருவோம்” என்றான். நல்ல சேலை கட்டி, தலை வாரி, பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். கடைவீதிச் சவாரியை விட்டுவிட்டு நடை மேல் நடையாகக் கொண்டுவந்து இறக்கினான். எல்லோரையும் முன்வரிசையிலேயே உட்கார வைத்தான்.

வனிதா வெளியே வந்தாள். முகத்தில் அவன் எதிர்பார்த்த சிரிப்பு இல்லை.

“என்ன பண்ணி வெச்சிருக்கீங்கண்ணா?”

“ஏன் கண்ணு? நம்ம சனமெல்லாம் வந்திருக்குது.”

“இவங்க ஏன் வரலைன்னுதானே நான் எழுதோணும்? இப்படி வந்து உக்காந்துட்டா நான் என்னத்தை எழுதறது?”

அண்ணாதுரைக்கு அப்போதுதான் உறைத்தது. சாவியைக் கையில் உருட்டியபடியே கேட்டான்: “எல்லாத்தையும் திரும்பக் கொண்டு போயி உட்டுறட்டுங்களா?”

அவனுக்குப் பதற்றத்தில் தங்கையிடமே மரியாதை வந்துவிட்டது. அவள் பதில் சொல்வதற்குள் உள்ளே மருதாயியின் குரல் கேட்டது. லைனுக்குப் போகும் பாதையில் விளக்கு வேண்டும் என்று எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அது எஸ்டேட் நிலம், பஞ்சாயத்து அங்கே கம்பம் நட முடியாது என்று மேசைப் பக்கமிருந்து பொறுமையாகவே விளக்கினார்கள்.

“சரிங்க” என்றாள் மருதாயி. “எலெக்‌ஷனப்ப எங்க ஊட்டு வாசலுக்கு வந்து ஓட்டுக் கேட்டீங்களே, அப்ப அது யாரு நெலமுங்க?”

கூட்டம் அதற்குப் பிறகு சீக்கிரம் முடியவில்லை.

தங்கையின் ஒரு வருடத்தைத் தானே கெடுத்துவிட்டோமே என்று வீடு திரும்பியும் அண்ணாதுரைக்கு மனசு ஆறவில்லை. கழுவிய ஜீப்பையே மறுபடி கழுவினான். மறுநாள் காலை அவள் முன்சீட்டில் ஏறினாள், புத்தகத்தைத் திறக்கவில்லை. பின்னால் திரும்பி உட்கார்ந்து மருதாயியைக் கேட்டாள்.

“மார்கழியில நான் கேட்டப்ப வேலையிருக்குதுன்னீங்க. நேத்து மட்டும் எப்படி வந்தீங்க?”

“உங்கண்ணன் ஊட்டு வாசல்ல வந்து கூப்புட்டான், வந்தோம்.”

“இத்தனை வருசமா யாரும் கூப்பிட்டதே இல்லீங்களா?”

“பஸ் ஸ்டாப்புல நோட்டீசு ஒட்டுவாங்களாமா. படிச்சவங்க பார்த்துக்குவாங்க. வாசல்ல வந்து ஒரு வார்த்தை சொல்லாத விசேசத்துக்கு நாம போறதுண்டா சாமி?”

வனிதா அண்ணனைப் பார்த்தாள். அவன் ரோட்டையே பார்த்து ஓட்டினான். அன்றும் அடுத்த நாளும் ஜீப்பில் ஏறிய ஒவ்வொருவரிடமும் அவள் அதையே கேட்டாள். பதில் பெரிதாக மாறவில்லை. எழுதி வைத்திருந்த கடைசி அத்தியாயத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதலாமா என்று பேராசிரியரிடம் போய் நின்றாள். அவர் யோசித்துவிட்டு, அண்ணன் செய்ததையும் மறைக்காமல் எழுது என்றாராம்.

வாய்மொழித் தேர்வு நாளில் அண்ணாதுரை சேலத்துக்கே போய்க் கல்லூரி வாசலில் காத்திருந்தான். வெளியே வந்தவள், கட்டுரையில் வரும் அந்த ஓட்டுநர் யார் என்று கேட்டார்கள் என்றாள். வாசலில் நிற்கிறார், கூப்பிடட்டுமா என்று சொன்னாளாம். இவன் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டு உள்ளே போகத் தயாரானான். “விளையாட்டுக்குச் சொன்னேண்ணா, பாஸாயிட்டேன்” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மலையேறும் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க இருவருக்கும் சிரிப்பு நிற்கவில்லை.

வனிதா இப்போது நாமக்கல் பக்கம் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் இருக்கிறாள். லைனுக்கு விளக்கும் வந்துவிட்டது. கம்பம் நிற்பது பஞ்சாயத்து நிலத்தின் கடைசி ஓரம். வெளிச்சம் விழுவது எஸ்டேட் பாதையில். கிராம சபை நாளில் அண்ணாதுரை இன்றும் லைன் வாசலில் ஹாரன் அடிக்கிறான். மற்ற நாளில் கடைசி நடை முடிந்ததும் அந்த விளக்கடியில் ஜீப்பை நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான். பக்கத்துச் சீட்டிலிருந்து ஒரு வரிகூட வராது.

போன வாரம் மருதாயி அந்த வழியாக வந்தவள் நின்று விசாரித்தாள். “பாப்பா எப்ப வருது?”

“பொங்கலுக்கு வருதுங்க.”

“வந்தா ஊட்டு வாசல்ல வந்து சொல்லு. கூப்புடாம நான் வரமாட்டேன்.”