நோயை வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகும். சில மாதங்களுக்கு முன்னால் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூட்டு நோய்ப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு காதும் கொதித்தன.

காரணம்... ஒரு காகிதப் பொட்டலம்.

முதலில் சங்கீதாவைச் சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூரில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண். இன்னும் முப்பது ஆகவில்லை. வாலாஜாபாத் தாண்டி ஒரு கம்பெனியில் கார்களுக்கு ஒயர் கோக்கிற வேலை. விடியும் முன்பே கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நிற்கும். விரல்கள் ஓடினால்தான் அவளுக்கு அந்த வேலை நிலைக்கும்.

அந்த விரல்கள்தான் ஒரு வருடமாகக் காலையில் மடங்க மறுக்கின்றன. "எந்திரிச்சா ரெண்டு கையும் வீங்கிக்கினு கீது டீச்சர். ஜாக்கெட் கொக்கி கூட மாட்ட முடில" என்பாள்.

மாமியார் பச்சையம்மா இதை நம்பவில்லை. "இந்த வயசுல இன்னா மூட்டு வலி டீச்சரம்மா? எனக்கே இன்னும் வரல." இந்த அம்மாவுக்கு வந்த பிறகுதான் மருமகளுக்கு வர வேண்டும் என்று ஏதாவது வரிசை இருக்கிறதா என்ன? முடக்குவாதம் என்கிற மூட்டு நோய் இளம் பெண்களையும் பிடிக்கும். ஆண்களைவிடப் பெண்களைத்தான் அதிகம் பிடிக்கும்.

பக்கத்து ஊர்களில் இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள். இருவரும் சொன்னது ஒன்றே — "வீக்கமே இல்லையேம்மா." சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் பிளஸ் டூ-வுக்கு விலங்கியல் எடுக்கிறவள். இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம், காலையில் மட்டும் இறுக்கம் என்றால் சும்மா விடுவேனா? லீவு போட்டு, பஸ் ஏற்றிச் சென்னைக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே வெள்ளைக் கோட்டு போட்ட ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, ஐஸ் பெட்டியோடு வந்தாள். மூட்டு நோய் புதிதாக ஆரம்பித்தவர்களிடம் கொஞ்சம் ரத்தம் வாங்குகிறாளாம். எதற்கு? மைக்ரோ ஆர்.என்.ஏ பார்க்க. எனக்கு ஒரே குஷி. வகுப்பில் வாய் வலிக்கச் சொல்லித் தருகிற சமாச்சாரம் ஆயிற்றே.

உங்களுக்கும் சொல்கிறேன், பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது. நம் செல்லுக்குள் 'இந்தப் புரதத்தைச் செய்' என்று உத்தரவுகள் போய்க்கொண்டே இருக்கும். வீக்கத்தைக் கிளப்புகிற புரதத்துக்கும் உத்தரவு போகும். அந்த உத்தரவை வழியிலேயே மடக்கி, 'போதும், நிறுத்து' என்று சொல்லும் பொடிசுகள்தான் இந்தக் குட்டி ஆர்.என்.ஏ-க்கள். முடக்குவாதத்தில் இவற்றின் அளவு தாறுமாறாகிவிடுகிறது. சில குறைந்துபோகின்றன. சில கூடிப்போய் வீக்கத்துக்கே துணை போகின்றன. இன்னும் சில, அடக்கத்தான் கூடுகின்றன... ஆனால் வாத்தியார் வராத வகுப்பில் கிளாஸ் லீடர் கத்துகிற மாதிரி, யாரும் கேட்பதில்லை. மூட்டின் உள்சவ்வு தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்க ஆரம்பிக்கிறது.

எலும்பு அரிப்பதற்கு முன்பே இந்தக் குட்டிகளை ரத்தத்தில் படித்து நோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். இன்னும் ஆராய்ச்சிதான். நம் ஊர் லேபில் போய்க் கேட்டு வைக்காதீர்கள்.

அந்தப் பெண் சங்கீதாவிடம் கேட்டாள். "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களாக்கா?"

"ஒன்னும் இல்லம்மா. வெறும் செட்டுதான்."

"செட்டா?"

சங்கீதா பர்ஸிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். மஞ்சளாக ஒன்று, வெள்ளையாக ஒன்று, ஓரத்தில் குட்டியாக ஒன்று. பெயரும் இல்லை, அட்டையும் இல்லை. எங்கள் ஊர் மெடிக்கலில் 'உடம்பு வலிக்கு ஒரு செட்டு' என்றால் மடித்துக் கொடுப்பார்கள். அங்கிருந்த டாக்டர் அந்த மெடிக்கல்காரருக்குப் போன் போடச் சொன்னார். அவர் கூச்சமே இல்லாமல் பெயரைச் சொன்னார். அந்தக் குட்டி மாத்திரை ஸ்டீராய்டு.

"டெய்லி ஒன்னு போட்டாத்தான் வேனு புடிக்க முடியும் டீச்சர். டாக்டர பாக்கப் போற நாளாச்சே, பஸ்ல கம்பி புடிக்கணுமேன்னு இன்னிக்கி ரெண்டா போட்டுக்கினேன்" என்றாள்.

புரிகிறதா? அந்த இரண்டு டாக்டர்களிடமும் இப்படித்தான் போயிருக்கிறாள். வீக்கத்தை அமுக்கிவிட்டு, வீங்காத கையை நீட்டியிருக்கிறாள். அவர்களாவது ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

மாணவி ஐஸ் பெட்டியை மூடிவிட்டாள். "ஸ்டீராய்டு உள்ள போனா அந்த அளவெல்லாம் மாறிடும்க்கா. நோய் பேசுதா, மாத்திரை பேசுதான்னு தெரியாது." டாக்டர் இன்னும் கறாராகச் சொன்னார்: சட்டென்று நிறுத்தினால் ஆபத்து, நான் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட்டு வா. ஆரம்பத்திலேயே பிடித்தால் விரல்களைக் காப்பாற்றலாம், அரித்த எலும்பு திரும்ப வளராது.

அந்த ஆரம்பம்தான் ஒரு வருடமாகப் பொட்டலத்தில் மடிந்து போய்விட்டது.

நாம் எல்லோருமே இப்படித்தான். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் போய் நிற்கிற மாதிரிதான் டாக்டர் முன்னாலும் நிற்கிறோம். காய்ச்சலா? மாத்திரை போட்டுத் தணித்துக்கொண்டு கிளம்புவோம். சர்க்கரை டெஸ்டா? நாலு நாள் முன்பே சோற்றைக் குறைத்துவிடுவோம். ரிசல்ட் நன்றாக வந்தால் ஒரு பெருமை வேறு. யாரை ஏமாற்றுகிறோம்?

ஊர் திரும்பியதும் நேராக மெடிக்கலுக்குப் போனேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன். அவர் அசரவே இல்லை.

"பேஜார் பண்ணாதீங்க டீச்சர். வேனு புடிக்கிற பொம்பளைங்க கடை தொறக்குறதுக்கு முன்னாடியே வந்து நின்னுக்கினு கீறாங்க. அல்லாருக்கும் நல்லாத்தான் கேக்குது."

நல்லாக் கேக்குதாம். வலி நின்றது, சரி. உள்ளே அரிப்பது நின்றதா? இதை நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, என் தோளுக்கு மேல் கையை நீட்டிப் பின்னால் நின்றவளுக்கு ஒரு செட்டு கொடுத்தார்.

மாத்திரை குறையக் குறைய சங்கீதாவுக்கு வலி ஏறியது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காலையில் கீழே இறங்கி வந்தாள். தலை பின்னவில்லை, கொக்கி மாட்டவில்லை, விரல்கள் வீங்கி மினுமினுத்தன. நான்தான் பின்னிவிட்டேன், மாட்டிவிட்டேன். பச்சையம்மா மாடிப்படியில் நின்று, "இந்தக் கோலத்துலயா டாக்டர பாக்கப் போவ? ஒரு செட்டு போட்டுக்கினு போ" என்றாள்.

"இத்த காட்டத்தான் போறேன் அத்த" என்றாள் சங்கீதா.

டாக்டர் ஒவ்வொரு மூட்டாக அமுக்கினார். அவள் அழுதாள். ஸ்கேன் எடுத்தார்கள். முடக்குவாதம் என்று எழுதி, அதற்கான மருந்தை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். மற்ற விரல்கள் தப்பிக்கும் என்கிறார். வலது ஆள்காட்டி விரலில் மட்டும் எலும்பின் ஓரம் அரித்துவிட்டது. ஒயரை அழுத்திச் செருகுகிற விரல் அது. அதற்கு யாரிடம் போய்க் கத்துவது?

இந்த முறை ஐஸ் பெட்டி திறந்தது. ரத்தம் ஏறும் குழாயைப் பார்த்துக்கொண்டே சங்கீதா கேட்டாள். "இந்த வாட்டியாவது என் ரத்தம் நெசத்த சொல்லுமா?"

"சொல்லும்க்கா. ஆனா அது உங்களுக்கு இப்ப பயன்படாது. பின்னாடி வர்றவங்களுக்குத்தான்."

"பரவால்ல, எடுத்துக்க" என்று கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

டாக்டரிடம் கிளம்புகிறீர்களா? நல்ல புடவை கட்டுங்கள், பவுடர் போடுங்கள், பூ வையுங்கள்... தயவுசெய்து நோயையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.