பரணுக்கு ஒரு மூட்டை, சிங்கப்பூருக்கு ஒரு மூட்டை

1982 டிசம்பர் 28, செவ்வாய்க்கிழமை. விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கிய மழை ஏழு மணி ஆகியும் விடவில்லை. திருவண்ணாமலையில் மலை இருந்த இடத்தில் மேகம் மட்டுமே தெரிந்தது. பேகோபுரத் தெருவுக்குப் பின்னால் உள்ள சந்தில், ஓட்டு வீடு ஒன்றின் சமையலறையில், இருசப்பன் நான்காவது பாத்திரத்தை ஒழுக்குக்கு நேராக வைத்துக்கொண்டிருந்தார்.

இரயில்வேயில் பார்சல் எழுத்தராக முப்பத்துமூன்று ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். விழுப்புரம், காட்பாடி, திருவண்ணாமலை ஆகிய நிலையங்களில் வாழைத்தார் முதல் வெண்கலப் பானை வரை அவர் கைபடாமல் வண்டியேறிய சரக்கு குறைவு. அவர் சீட்டு ஒட்டிய மூட்டை ஒன்றுகூட ஊர் மாறிப் போனதில்லை. இதை அவரே சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். ஒரு பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தே எடையைக் கூறிவிடுவார். தராசு வேறு எடை காட்டினால் தராசைத்தான் சந்தேகிப்பார்.

“இட்லிப் பானையையும் எடுத்துட்டீங்களா? அப்ப இன்னிக்கி டிபன் மழைத்தண்ணிதான்,” என்றார் அவர் மனைவி உண்ணாமலை.

“தீபம் முடிஞ்சா மழை முடிஞ்சுதுன்னு யாரு சொன்னது?”

“நீங்கதான் சொன்னீங்க. சொல்லிட்டுத் தார்ப்பாயையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டீங்க.”

ஆண்டுதோறும் அடைமழைக் காலத்தில் சமையலறைக் கூரைக்கு உட்புறமாக ஒரு பழைய தார்ப்பாயைக் கட்டி, ஒழுகும் நீர் முழுவதையும் ஒரே அண்டாவில் இறங்கச் செய்வது அவர்கள் வீட்டு வழக்கம். மழைக்காலம் முடிந்ததும் அதனை மடித்து, மற்ற மழைக்காலச் சாமான்களோடு வெள்ளைக் காடாத் துணியில் வைத்துத் தைத்து, முடிச்சின்மேல் அரக்கு முத்திரை இட்டு, சீட்டு ஒட்டிப் பரணில் ஏற்றுவார் இருசப்பன். வீட்டுப் பரணுக்கு அரக்கு முத்திரை எதற்கு என்று உண்ணாமலை கேட்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

இருசப்பன் முக்காலியில் ஏறி மூட்டையை இறக்கினார். “பரண், தார்ப்பாய்” என்று சீட்டில் அவருடைய முத்து முத்தான கையெழுத்து இருந்தது. தையலைப் பிரித்தார். முதலில் வெளிவந்தது சிவப்புக் கரை போட்ட சிறிய பட்டுப்பாவாடை. அதன் அடியில் ஒரு டப்பாவில் வெள்ளிக் கொலுசு. அதற்கும் அடியில் வாழையிலைச் சருகில் பொதிந்த அதிரசமும் முறுக்கும்.

அடுப்படியில் நான்கு பாத்திரங்களும் நான்கு விதமாக ஒலித்துக்கொண்டிருந்தன.

“அப்ப தார்ப்பாய் எங்கங்க?” என்றார் உண்ணாமலை. விடை அவருக்கும் தெரிந்தே இருந்தது.

அவர்களுடைய மகன் ராமகிருஷ்ணன் இராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். மனைவி வள்ளியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, அரையாண்டு விடுமுறைக்குச் சிங்கப்பூரில் இருக்கும் வள்ளியின் அக்காள் வீட்டிற்குச் சென்றிருந்தார். அங்கே அக்காள் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். சகோதரிகள் இருவருக்கும் தாய் இல்லை. தாய்வீட்டுச் சீர் என்று ஒன்று வராவிட்டால் அந்த மூத்த பெண் நாலு பேர் நடுவில் தலைகுனிய நேரும் என்று, உண்ணாமலையே முன்வந்து, தம் கையால் பலகாரம் சுட்டு, பட்டும் கொலுசும் வாங்கி வைத்தார். அதனை மூட்டையாகக் கட்டும் பொறுப்பு இருசப்பனுடையது. தார்ப்பாய் மூட்டையையும் அன்றைக்கே, அதே துணியில் கட்டினார்.

“நேத்து வந்த லெட்டர்ல என்ன எழுதியிருந்தான் ராமகிருஷ்ணன்?” என்று கேட்டார் இருசப்பன்.

“மூட்டை பத்திரமா இருக்குது, புதன்கிழமை காலையில எல்லார் முன்னாடியும் பிரிக்கறோம்னு எழுதியிருந்தான். புதன்கிழமைன்னா நாளைக்கு.”

பத்திரமாக இருப்பது என்ன என்பதை இருசப்பன் எண்ணிப் பார்த்தார். ஓட்டை விழுந்த தார்ப்பாய், ஒரு கம்பி இல்லாத குடை, தார்ப்பாயைக் கட்டும் கொச்சக் கயிறு, எலி கடித்த இரயில்வே மழைக்கோட்டு. ஆரத்தித் தட்டுக்குப் பக்கத்தில் அவை ஒவ்வொன்றாக வெளிவரும்.

“எப்படி மாறும்? சீர் மூட்டை நாலு கிலோ. தார்ப்பாய் அஞ்சு கிலோ. முத்திரை காயட்டும்னு ராத்திரி விட்டுட்டு, காலையில ரெண்டையும் கையில தூக்கிப் பார்த்துத்தான் சீட்டு ஒட்டுனேன். கனமானது பரண், லேசானது சிங்கப்பூர். என் கை பொய் சொல்லாது.”

உண்ணாமலை மூட்டையின் அடிப்பகுதியில் கைவிட்டு, ஒரு ஊறுகாய்ச் சாடியையும் ஒரு புளி உருண்டையையும் எடுத்து வெளியில் வைத்தார். இரண்டும் சேர்ந்து இரண்டு கிலோவுக்குக் குறையாது.

“இது எப்ப உள்ள போச்சு?”

“நீங்க தூங்கினப்ப. அந்தப் பொண்ணு ஊர்ப் புளி கேட்டு எழுதியிருந்தாளே. உங்ககிட்ட கேட்டா, எண்ணெய்ச் சரக்கு பார்சல்ல போகக் கூடாதும்பீங்க. அதான் ஓரத்துல நாலு தையல் பிரிச்சு வெச்சுட்டு, திரும்பத் தெச்சு, மிச்சம் இருந்த அரக்கையும் உருக்கி ஊத்திட்டேன்.”

இருசப்பன் அந்த ஓரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று உண்ணாமலை காத்திருந்தார்.

“என் தையல் மாதிரியே இருக்குதே,” என்றார் அவர்.

“முப்பது வருஷமாப் பார்க்கறேன் இல்ல?”

எட்டரை மணிக்கு இருவரும் ஒரே குடையில் சந்து முனைக்குச் சென்றார்கள். அங்கே மக்பூல் மருந்துக்கடை வைத்திருந்தார். அந்தப் பகுதியில் தொலைபேசி இருந்த இடம் அது ஒன்றே. கடிதத்தில் கண்ட சிங்கப்பூர் எண்ணைக் கொடுத்து அவசர அழைப்பு பதிவு செய்தாயிற்று. மழையால் இணைப்பு தாமதமாகும், நண்பகலும் ஆகலாம் என்று எக்ஸ்சேஞ்சில் கூறினார்கள்.

கடைக்கு ஆள் வரவில்லை. தெருவில் முழங்கால் அளவுக்கு நீர் ஓடியது. மக்பூல் இரண்டு முக்காலிகளை எடுத்துப் போட்டு, நடந்ததைக் கேட்டுக்கொண்டார். இடையில் இரண்டு முறை உள்ளறைக்குச் சென்று, சிரித்து முடித்துவிட்டு வந்தார்.

“அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன். ஏரோப்ளேன்காரன் மாத்திட்டான்னு சொல்லிடுங்க. ஏர்போர்ட்ல மூட்டை மாறுறது ஜாஸ்தி. யாரும் கேக்கமாட்டாங்க.”

“அந்த மூட்டையில என் கையெழுத்து இருக்குது மக்பூலு. அதுவுமில்லாம, ஒரு பார்சல்காரன் இன்னொரு பார்சல்காரன் மேல பழி போடறதா?”

“அப்ப என் மேல போடுங்க. நெசமும் அதானே,” என்றார் உண்ணாமலை.

“நீ தையல் பிரிச்சே. சீட்டு ஒட்டுனது யாரு? தராசு பக்கத்துலதான் தொங்குச்சு. எடை போட்டேனா?”

“இல்ல.”

“அவ்வளவுதான்.”

இதற்குமேல் அவரிடம் வாதிடுவதில் பயனில்லை என்பதை உண்ணாமலை அறிவார். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அதிரசம்.

“அது சீர்ப் பலகாரம். அனுப்ப வேண்டிய சரக்கு,” என்றார் இருசப்பன்.

“எப்படி அனுப்பறது? நீந்திக்கிட்டா? பாவாடையும் கொலுசும் தபால்ல போவட்டும். ஒரு வாரத்துப் பலகாரம் இன்னும் எத்தினி நாள் தாங்கும்? நீங்க எடுங்க தம்பி.”

மக்பூல் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, “சிங்கப்பூர்க்காரங்களுக்குக் கொடுத்து வெக்கலை அண்ணி,” என்றார்.

இருசப்பன் முதல் அதிரசத்தை மறுத்தார். இரண்டாம் முறை நீட்டியபோது பாதியை வாங்கிக்கொண்டார். மூன்றாம் முறை யாரும் நீட்டவில்லை, தாமே எடுத்தார். மக்பூல் வெளியே எட்டிப் பார்த்து, எதிர்க்கடை ஆளிடம் மூன்று தேநீர் சொன்னார். தேநீர் மழைத்துளிகளுடன் வந்து சேர்ந்தது. உண்ணாமலை, சிங்கப்பூரில் வீடுகள் பத்து மாடி உயரம் என்றும், அங்கே ஓடு இல்லையென்பதால் ஒழுக்கும் இல்லை என்றும், தார்ப்பாயைக் கண்டால் அது என்னவென்றே அவர்களுக்கு விளங்காது என்றும் கூறினார். பொன்னாடை என்று நினைத்துப் போர்த்திக்கொள்வார்கள் என்றார் மக்பூல். இருசப்பனும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் தொலைபேசியைப் பார்த்தார். அவர் முகம் மீண்டும் சுருங்கியது.

“பேசறதுக்கு ராமகிருஷ்ணன் கிடைச்சாப் போதும். அவங்கிட்ட மெதுவாச் சொல்லி, ராத்திரியோட ராத்திரியா மூட்டைய ஒளிச்சு வெக்கச் சொல்லிடலாம். வேற யாருக்கும் தெரிய வேணாம்.”

பதினொன்றே முக்காலுக்கு மணி அடித்தது. மக்பூல் எடுத்து, கேட்டு, கருவியை இருசப்பனிடம் நீட்டினார். உண்ணாமலை எழுந்து வந்து, கணவரின் காதருகே தம் காதையும் வைத்துக்கொண்டார்.

பேசியது ராமகிருஷ்ணன் அல்லர். வள்ளியின் அக்காளுடைய மாமனார் தருமன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் போளூரிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்றவர். அவரை இருசப்பன் நேரில் பார்த்ததில்லை.

“சம்பந்திங்களா? நல்லா இருக்கீங்களா? பசங்கள்லாம் பறவைப் பூங்காவுக்குப் போயிருக்காங்க. வர சாயங்காலம் ஆகும். ஏதாச்சும் அவசரங்களா?”

“அவசரம்னு... நீங்க எல்லாம் சௌக்கியங்களா?”

“சௌக்கியம். உங்க மூட்டையத்தான் தினம் பார்த்துக்கிட்டு இருக்கேன். என்னா தையலுங்க அது! சாமி படத்துக்கு முன்னாடி வெச்சு மஞ்சள் குங்குமம் வெச்சிருக்கோம். அம்மா இல்லாத பொண்ணுக்கு ஊர்லேர்ந்து சீர் வந்திருக்குதுன்னு எங்க பிளாக்குல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நாளைக்கு நாப்பது பேர் வராங்க. என் கையாலதான் பிரிக்கப் போறேன்.”

உண்ணாமலை கணவரின் முழங்கையைப் பற்றினார். மக்பூல் உதட்டை மட்டும் அசைத்து, “ஏரோப்ளேன்,” என்றார்.

“நாளைக்குப் பிரிக்காதீங்க சம்பந்தி,” என்றார் இருசப்பன். “சீரு இங்கயே இருக்குது. பட்டு, கொலுசு எல்லாம் பத்திரமா இருக்குது. இன்னிக்கே தபால்ல போட்டுடறேன். சீட்டு மாத்தி ஒட்டிட்டேன். தப்பு என்னுது.”

தருமன், ஏதோ ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பவரைப்போல, மெல்லக் கேட்டார்:

“அப்ப நான் ஆறு நாளாக் கற்பூரம் காட்டிக் கும்பிட்டுக்கிட்டு இருக்கற மூட்டையில என்னங்க இருக்குது?”

“பழைய தார்ப்பாய்ங்க,” என்றார் இருசப்பன்.