செண்பகத்தை நான் அனுப்பாத வகுப்பு

எழுபதுகளில் வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தேன். எட்டாம் வகுப்பில் செண்பகம் என்றொரு பெண். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பி, ஊன்றுகோலோடு வருவாள்.

ஒருநாள் சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து, பூப்படைவது பற்றிப் பெண்பிள்ளைகளிடம் தனியாகப் பேசினார். செண்பகமும் போக எழுந்தாள்.

"உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? கல்யாணமா, காட்சியா? உக்காந்து கணக்கப் போடு" என்றேன். அவளை அலையவிடாமல் பார்த்துக்கொள்வதாகத்தான் நினைத்தேன்.

சில மாதங்கள் கழித்து அவள் பள்ளிக்கு வருவது நின்றது. வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வாசலிலேயே சொன்னார்:

"வயசுக்கு வந்துட்டா சார். ரத்தத்தப் பாத்துட்டு, பழைய நோவு திரும்பிடுச்சு, அம்மாவுக்கு இன்னும் பாரம்னு நெனச்சுகினு கிணத்தாண்ட போயிட்டா. நான் பாத்ததால பொழச்சா. மத்த பொண்ணுங்களுக்கெல்லாம் சொன்னீங்களாமே, இவளுக்கு மட்டும் ஏன் சார் சொல்லல?"

செண்பகம் வெளியே வரவில்லை. பள்ளிக்கும் பிறகு வரவேயில்லை.

அதன்பின் ஓய்வு பெறும்வரை, நர்ஸ் வரும் நாளில் உடல் ஊனமுற்ற பிள்ளைகளை நானே அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தேன். ஆசிரியர்களாகிவிட்ட என் மாணவர்கள் பார்க்க வந்தால், "அந்தப் பிள்ளைகளுக்கும் சொல்கிறீர்களா?" என்று இன்றும் கேட்கிறேன்.

அதெல்லாம் செண்பகத்துக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கு.