சட்டை கழற்றாத வருடம்

ஐம்பத்தெட்டாவது வயதில் எனக்கு முலை வளர்ந்தது. இதை எழுத இப்போது வெட்கமில்லை. அப்போது இருந்தது. அந்த வெட்கத்தால் மனைவியிடம் பொய் சொன்னேன், டொக்டரிடம் பொய் சொன்னேன். பிள்ளையாரிடம் மட்டும் பொய் சொல்லவில்லை, ஏனென்றால் அவர் முன்னால் போய் நிற்கவேயில்லை.

நான் உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டக்காரன். செம்மண்ணில் வெங்காயம், பீற்றூட், கொஞ்சம் வாழை. எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோவில் திருவிழாவில் ஐந்தாம் நாள் எங்கள் குடும்பத்தின் உபயம். அன்றைய பூசையும் செலவும் வேலையும் எங்களுடையவை. சாமி வீதி வலம் வரும்போது வாகனத்தைத் தூக்கும் மரத்தின் முன் வலது முனை, கொம்பு என்போம், என் தோளில்தான் இருக்கும். இருபத்தாறு வருடமாக அது என் இடம். ஒரு வருடம் விட்டால் அந்த இடத்தில் வேறு தோள் வந்துவிடும். பிறகு அதை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்; கேட்கவும் வாய் வராது.

எங்கள் கோவில்களில் ஆண்கள் மேற்சட்டையோடு உள்ளே போவதில்லை. சால்வையையும் தோளில் போடக்கூடாது, இடுப்பில் கட்டவேண்டும். எனக்கு அந்த வழக்கம் பிடிக்கும். மண்வெட்டி பிடித்து உரமேறிய மார்பு, காட்டினால் என்ன குறைந்துவிடும் என்பது என் எண்ணம். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் நாலு வருடமாகச் சட்டையோடு வெளிவாசலில் நின்றே கும்பிட்டுவிட்டுப் போவார். ஒரு நாள் அவரைக் காட்டி, “படிச்ச ஆளெல்லே, எங்களோட சேந்து சட்டை கழட்டினால் மரியாதை குறைஞ்சுபோம்” என்று நான்தான் முதலில் பகிடி பண்ணினேன். எல்லாரும் சிரித்தார்கள். அதன்பின் ஊரில் அவருக்குப் பெருமைக்காரர் என்றே பெயர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் அந்த வாயை முதலில் திறந்துவிட்டவன் நான்.

கதைக்கு வருகிறேன். கிளினிக்கில் இரத்தம் சோதித்தார்கள். கொலஸ்ட்ரோல் கூட என்றார்கள். விடிய எழும்பித் தோட்டத்துக்கு இறைக்கிற உடம்பில் கொழுப்பா என்று எனக்குக் கோபம் வந்தது. டொக்டர் பெண்பிள்ளை, என் மகளின் வயதிருக்கும். அவ சிரித்துக்கொண்டே, “ஐயா, கொழுப்பு ஆளைப் பாத்து வாறேல்லை” என்று சொல்லி, இரவில் போட ஒரு குளிசை எழுதித் தந்தா. மனைவி அன்றே கத்தரிக்காய்ப் பொரியலை நிறுத்தினாள், சொதிக்குத் தேங்காய்ப்பாலைக் குறைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

ஒரு மாதம் போனது. மனைவியின் அண்ணன், என் மச்சான், கனடாவிலிருந்து வந்தார். எங்கள் ஊருக்கு வெளிநாட்டுச் சொந்தம் வரும்போது பெட்டிக்குள் சொக்கிளேற்றுக்குப் பக்கத்தில் மருந்தும் வரும். நோவெண்ணெய், விற்றமின், பிரஷர்க் குளிசை, யாருக்கு எது பொருந்தும் என்ற கேள்வியெல்லாம் இல்லை. எனக்குக் கொலஸ்ட்ரோல் என்று கேள்விப்பட்டதும் ஒரு பெரிய போத்தலை எடுத்து மேசையில் வைத்தார்.

“மச்சான், இஞ்சை கிளினிக்கிலை தாறது சோக்குக் கட்டி. இதுதான் சாமான். நானும் இதைத்தான் போடுறன்.”

போத்தலில் இருந்த பெயர் வேறு, கிளினிக் பைக்கற்றில் இருந்த பெயர் வேறு. நிறமும் வேறு. அப்படியென்றால் மருந்தும் வேறு என்று முடிவு கட்டினேன். வெளிநாட்டுக் குளிசையை வீணாக்க மனமில்லை. கிளினிக் குளிசையை விட்டால் அடுத்த இரத்தச் சோதனையில் டொக்டர் பிடித்துவிடுவா. ஆகவே காலையில் மச்சானுடையது, இரவில் டொக்டருடையது. இரண்டு பக்கத்தாலும் அடித்தால் கொழுப்பு எங்கே ஓடப் போகிறது என்று நினைத்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

முதலில் தொடைகள் நொந்தன. வரம்பில் குந்தினால் எழும்ப ஒரு கை தேவைப்பட்டது. வயது என்று விட்டேன். பிறகு ஒரு நாள் கிணற்றடியில் சவர்க்காரம் போடும்போது இடது மார்பில் சுருக்கென்று ஒரு நோ. தடவிப் பார்த்தேன். காம்புக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஏதோ இருந்தது. இரண்டு கிழமையில் வலது பக்கமும் வந்தது. ஒரு மாதத்தில் இரண்டு பக்கமும் எழும்பி நின்றன. கண்ணாடியில் பார்த்தேன். பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளையின் மார்பு என் நரைமயிருக்குள் இருந்தது.

புற்றுநோயோ என்ற பயம் வந்தது, உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் சிரிப்பு. செத்தால் ஊர் அழும். இதைக் கண்டால் ஊர் சிரிக்கும். அழுகையை நான் கேட்கப் போவதில்லை, சிரிப்பைக் கேட்க வேண்டும்.

அன்றிலிருந்து பெனியன் என் உடம்பை விட்டுக் கழலவில்லை. வைகாசி வெக்கையிலும் பெனியனோடு படுத்தேன், பெனியனோடு குளித்தேன்.

“என்னப்பா, இந்தப் புழுக்கத்துக்கை பெனியனைக் கழட்டிப்போட்டுப் படுங்கோவன்” என்றாள் மனைவி.

“எனக்குக் குளிருது. உன்ரை வேலையைப் பார்” என்று பாய்ந்தேன். முப்பது வருடக் குடும்பத்தில் அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்தது அந்த மாதங்களில்தான். எனக்கு அவளில் வெறுப்பு வந்துவிட்டது என்று அவள் நினைத்ததைப் பிறகுதான் அறிந்தேன்.

கிளினிக் நாளில் டொக்டரிடம் தொடை நோவை மட்டும் சொன்னேன். அவ பேனையை வைத்துவிட்டு நேரே பார்த்தா.

“ஐயா, வேறை ஏதும் குளிசை போடுறியளோ?”

“இல்லை.”

நான் வேண்டுமென்று பொய் சொன்னதாக அப்போது நினைக்கவில்லை. மச்சான் தந்தது அன்பளிப்பு. அன்பளிப்பை யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா? “வேறை ஏதும் உடம்பிலை வித்தியாசம்?” என்று கேட்டா. அதற்கும் இல்லை என்றேன். அது பொய்தான்.

அந்த மாதச் சதுர்த்திக்குக் கோவிலுக்குப் போனேன். சட்டையைக் கழற்றிய கையோடு சால்வையை விரித்து மார்பை மூடிக்கொண்டேன். உள்ளே கால்கூட வைக்கவில்லை, அதற்குள் சித்தப்பாவின் மகன் பக்கத்தில் வந்தான். எனக்குத் தம்பி முறை, என்னைவிட உயரம், பன்னிரண்டு வருடமாக என் கொம்புக்குப் பின்னால் நிற்பவன்.

“அண்ணை, சால்வையை இடுப்பிலை கட்டுங்கோ. ஐயர் பாக்கிறார்.”

“தோட்டத்திலை மோட்டரை ஓடவிட்டுட்டு வந்திட்டன்” என்று சொல்லித் திரும்பி நடந்தேன். உண்மையில் மோட்டர் வீட்டுக் கொட்டிலில் கிடந்தது. அடுத்த கிழமை அவன் படலையடிக்கு வந்தான்.

“அண்ணை, நீங்கள் கால் ஏலாமல் நடக்கிறதைப் பாத்தனான். இந்த முறை நான் முன்னுக்கு நிக்கட்டோ? நீங்கள் பக்கத்திலை சும்மா வாங்கோ.”

மரியாதையாகத்தான் கேட்டான். எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. “நான் செத்தாப் பிறகு நில்” என்று சொல்லிப் படலையைச் சாத்தினேன். சாத்திய பிறகு, அவன் சொன்னதுதான் நடக்கப் போகிறது என்று விளங்கியது. திருவிழாவுக்கு இன்னும் ஏழு கிழமை.

அடுத்த நாள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். ஈரப் பெனியன் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. துவாய் கொண்டுவந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குச் சோற்றுக்குள் மறைப்பது? அவள் சிரிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கிட்ட வந்து பெனியனைத் தூக்கிப் பார்த்தாள்.

“எவ்வளவு நாளா?”

“ரெண்டரை மாசம்.”

“எனக்கு உப்பிடி ஒரு கட்டி வந்து நான் ரெண்டரை மாசம் ஒளிச்சு வைச்சிருந்தால் என்னை விட்டிருப்பியளோ? என்னை என்னெண்டு நினைச்சியள்? ஊரிலை சிரிக்கிற ஆக்களிலை ஒருத்தி எண்டோ?”

அவள் அழுதாள். அன்று பின்னேரமே வீட்டில் இருந்த குளிசைகள் அத்தனையையும் ஒரு பைக்குள் போட்டாள், மச்சானின் போத்தலையும் சேர்த்து. திங்கட்கிழமை என்னை முன்னால் நடக்கவிட்டு, தான் பின்னால் வந்தாள், நான் ஓடிவிடுவேன் என்று.

டொக்டர் போத்தலையும் பைக்கற்றையும் பக்கத்துப் பக்கமாக வைத்து, பெரிய எழுத்துக்குக் கீழே இருந்த சின்ன எழுத்தை வாசித்தா. பிறகு அதைத் தன் விரலால் எனக்குக் காட்டினா.

“ஐயா, ரெண்டும் ஒரே மருந்து. கொம்பனிதான் வேறை. நான் தந்ததைப்போல ரெண்டு மடங்கு இந்தப் போத்தல் குளிசையிலை இருக்கு. எல்லாமாச் சேத்து மூண்டு பங்கு போட்டிருக்கிறியள். தொடை நோகாமல் என்ன செய்யும்?”

“இது?” என்று மனைவி என் மார்பைக் காட்டிக் கேட்டாள்.

“உந்தக் குளிசையாலை ஆம்பிளையளுக்கு உது வாறது சரியான குறைவு. வாறதுண்டு. ஆனால் கட்டி எண்டால் ஆம்பிளைக்கும் பாத்துத்தான் சொல்லவேணும்.”

ஸ்கான் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. டொக்டர் கொஞ்ச நாளைக்கு எல்லாவற்றையும் நிறுத்தி, இரத்தம் பார்த்து, பிறகு வேறு வகைக் குளிசையைச் சின்ன அளவில் தந்தா. “நீங்களா நிப்பாட்டவும் கூடாது, நீங்களாக் கூட்டவும் கூடாது” என்று மனைவியைப் பார்த்துச் சொன்னா. கனடாவுக்கு அன்று என் மனைவி எடுத்த தொலைபேசியில் மச்சானுக்கு நன்றாக ஏச்சுக் கிடைத்தது.

தொடை நோ மூன்று கிழமையில் போய்விட்டது. கொம்பு தூக்கலாம் என்று டொக்டரும் சொன்னா. மார்பு மட்டும் வற்றவில்லை. அதற்கு மாதக் கணக்காகும் என்றா.

ஐந்தாம் திருவிழா வந்தது. வாசலில் நின்று சட்டையைக் கழற்றினேன். சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். கூசவில்லை என்று சொன்னால் அது இந்தக் கதையில் இன்னொரு பொய். இரண்டு மூன்று பேர் குனிந்து வாய்க்குள் சிரித்தார்கள். தம்பி முறைக்காரன் என் மார்பைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான்.

“அண்ணை, இதென்ன?”

“குளிசையாலை வந்தது” என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. “மச்சான்ரை போத்தலும் கிளினிக் பைக்கற்றும் ஒரே மருந்தெண்டு தெரியாமல் ரெண்டையும் முழுங்கினன். டொக்டரிட்டைக் காட்டினன், ஸ்கானும் எடுத்தாச்சு. சிரிக்கிற ஆக்கள் வீட்டை போய் உங்கடை குளிசைப் பெட்டியைத் திறந்து பாருங்கோ. இப்ப கொம்பைத் தூக்குவம்.”

தூக்கினோம். பாரம் தோளில் இறங்கியபோது மார்பு நொந்தது. நோகட்டும் என்று விட்டேன். வெளிவீதியில் வாசலைத் தாண்டும்போது அந்த மாஸ்டர் வழக்கம்போலச் சட்டையோடு நின்றார். எல்லாரும் சாமியைக் கும்பிட, அவர் என் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றார். இவரும் சிரிக்கட்டும் என்று நினைத்தேன்.

சாமி தன் இருப்பிடத்துக்குத் திரும்பிய பிறகு மோர் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

“தம்பி, நீர் டொக்டரிட்டைக் காட்டினனீர்தானே. அவ சிரிச்சவவோ?”

“இல்லை மாஸ்டர். ஏன்?”

அவர் சுற்றிப் பார்த்தார். “எனக்கும் ஒரு பக்கம் இருக்குது. நாலு வருசமா.”

மோரைக் கீழே வைத்தேன். நாலு வருடம் ஒரு மனிதன் வாசலில் நின்றதற்கு நான் வைத்த பெயர் பெருமை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், வரவில்லை. “திங்கக்கிழமை காலமை ஆறு மணிக்கு வாறன். வெளிக்கிட்டு நில்லுங்கோ” என்றுதான் வந்தது.

போனேன். கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டையோடு படலையில் நின்றார். மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். டொக்டர் என்னைக் கண்டதும், “ஐயா, திரும்பவும் என்ன செய்தனீங்கள்?” என்று கேட்டா.

“எனக்கில்லை” என்றேன்.

மாஸ்டர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றேன். அவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.